மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்: அசலா, கைபர் நகலா?

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தில் ஓர் ஏலத்துக்கு, 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவம் பயன்படுத்திய மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள் ஒன்று வருகிறது. வாங்க ரொம்ப ஆசை. ஆனால் பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தான் எல்லையிலுள்ள கைபர் கணவாய்ப் பட்டறைகளில் கையால் செய்த நகல்கள் நிறைய உலவுகின்றன. சிலவற்றில் என்ஃபீல்டு (பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கி ஆலை) என்ற பெயரில் ‘என்’ (N) எழுத்தே இடவலமாகத் திரும்பியிருக்கும். சிலவற்றில் விக்டோரியா மகாராணியைக் குறிக்கும் வி.ஆர். (விக்டோரியா ரெஜினா) முத்திரையோடு அவர் இறந்த 1901-க்குப் பிந்தைய ஆண்டு இருக்கும்.

இதில் 1879 என்றிருக்கிறது, எழுத்துகளும் சரி. ஆனால் முத்திரையிலுள்ள கிரீடம் கோணல். அதன் கோடுகள் உளியால் வெட்டியதுபோல ஆழம் மாறி மாறித் தெரிகின்றன. அசலில் குழலுக்குள் 7 வரிப்பள்ளங்கள் (குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளங்கள்) இருக்கும் என்பதால் குழல் வாயைப் படமெடுத்து அனுப்பக் கேட்டிருக்கிறேன். அப்புறம் வேறு எந்தப் பாகத்தைக் காட்டச் சொல்லலாம்? அசலைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.