பழைய சீரியல் லைனைச் சரிபண்ணவா, ஐபிக்கு மாறவா?

பாளை_பிளான்ட்ரூம்:
பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் பிஎம்எஸ் (ஏசி மாதிரி கட்டடக் கருவிகளைக் கண்காணித்து இயக்கும் அமைப்பு) பராமரிப்பு பார்க்கிறேன். பழைய பிளாக்கில் ஒரு பேக்நெட் (அந்தக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பொது மொழி) நெட்வொர்க், புது பிளாக்கில் இன்னொன்று. நடுவே 300 மீட்டர் இருக்கும். இணைப்பு பாயின்ட்-டு-பாயின்ட் சீரியல்: இரு முனையிலும் ஹாஃப் ரவுட்டர் (இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு முழு ரவுட்டர்), ஆர்எஸ்-232 சீரியல் போர்ட், மோடம், மண்ணுக்கடியில் செம்புக் கேபிள். போன ஐப்பசி இடியில் ஒரு முனையின் போர்ட் போய்விட்டது. அதையே மாற்றிப் போடலாமா?

கங்கைகொண்டான்_கன்ட்ரோல்ஸ்:
வேண்டாம் அண்ணாச்சி. 9600 பிட் வேகத்தில் வினாடிக்கு 960 பைட்டைத் தாண்டாது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒப்புதல் வந்த பிறகுதான் அடுத்தது போகும். யாராவது கம்ப்யூட்டரில் ஹூ-ஈஸ் (யார் யார் இருக்கிறீர்கள் என்று எல்லாக் கருவிகளையும் கேட்பது) தட்டினால் பதில்கள் அத்தனையும் அந்த ஒற்றை லைனில்தான் வரிசை கட்டும். பேக்நெட் 1995-இல் வந்தபோது டயல்-அப் மோடத்துக்காகச் சேர்த்த வழி இது. ஃபைபர் (ஒளியிழை) இழுத்து, கம்ப்யூட்டர் நெட்வொர்க் மாதிரி ஐபிக்கு மாறுங்கள்.

சேரன்மாதேவி_சில்லர்:
நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே போய் வருவது அலாரமும் நாலைந்து வெப்பநிலை அளவுகளும்தானே? சில்லரின் (ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) கட்டுப்பாடு அந்தந்த கன்ட்ரோலரிலேயே ஓடுகிறது. லைன் அறுந்தாலும் குளிர் நிற்காது. ஐபிக்குப் போனால் ஐடி ஆட்கள் ராத்திரி ஸ்விட்சை மாற்றும்போது நம் இணைப்பும் போகும். சாதாரண பேக்நெட் ஐபியில், 47808 போர்ட்டில், மறையாக்கமும் கிடையாது. மருத்துவமனை நெட்வொர்க்கில் யார் நுழைந்தாலும் நம் கருவிகள் தெரியும்.

கங்கைகொண்டான்_கன்ட்ரோல்ஸ்:
அதற்குத் தனி விஎல்ஏஎன் (அதே ஸ்விட்சில் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) போடலாம், மறையாக்கம் உள்ள பேக்நெட் எஸ்சியும் வந்துவிட்டது. சரி, இடிக்கு என்ன சொல்கிறீர்கள்? இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு வேறு. மின்னல் அடித்ததும் இரண்டுக்கும் மின்னழுத்தம் ஏறுமாறாகும், அது செம்பு வழியாகத்தான் போர்ட்டுக்குள் பாயும். இந்த வருஷம் புது போர்ட் போட்டால் அடுத்த ஐப்பசியில் மறுபடி இதே கதைதான்.

சேரன்மாதேவி_சில்லர்:
அது செம்பின் குறை. சீரியலின் குறை இல்லை. ஆர்எஸ்-232-ஐ ஃபைபராக்கும் கன்வெர்ட்டர் கிடைக்கிறது. இரு திசையிலும் ஒரே சமயம் தரவு போவதால் பொதுவாக இரண்டு கோர் (இழை) வேண்டும். ஹாஃப் ரவுட்டரைத் தொடவே வேண்டாம்.

பாளை_பிளான்ட்ரூம்:
ஃபைபர் எப்படியும் இழுக்கத்தான் வேண்டும் போலிருக்கிறது. அதில் ஐபி ஓடட்டும், சீரியலைச் சரிபண்ணி அவசரத்துக்கு அப்படியே விட்டுவிடட்டுமா?

கங்கைகொண்டான்_கன்ட்ரோல்ஸ்:
அது மட்டும் கூடாது! பேக்நெட்டில் எந்த இரண்டு கருவிகளுக்கு நடுவிலும் ஒரே வழிதான் இருக்க வேண்டும். இரண்டு வழியும் உயிரோடு இருந்தால் பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும் செய்தி) சுற்றிக்கொண்டே இருக்கும். செய்தியில் உள்ள ஹாப் கவுண்ட் என்ற எண் 255-இல் தொடங்கி ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்து பூஜ்ஜியமாகும்வரை ஓயாது. அந்த 960 பைட் லைனில் இது ஓடினால் அலாரம் எங்கே நுழையும்?

சேரன்மாதேவி_சில்லர்:
இதில் அவர் சொல்வதுதான் சரி. இரண்டையும் ஒன்றாக ஓட விடாதீர்கள். சீரியல் முனையைக் கழற்றி லேபிள் ஒட்டிவையுங்கள், ஐபி படுத்தால் அந்த ரவுட்டரை நிறுத்திவிட்டுக் கையால் மாட்டுங்கள். என்னைக் கேட்டால், நாலு அளவுக்காக ரவுட்டரையே மாற்றும் செலவு வேண்டாம் என்றுதான் இப்போதும் சொல்வேன்.

பாளை_பிளான்ட்ரூம்:
நாலு கோர் ஃபைபருக்கு விலை கேட்கிறேன். முதலில் இரண்டு கோரில் சீரியலை ஓட்டிப் பார்க்கிறேன். ஐபிக்கு மாறும் அன்று அதைக் கழற்றிவிடுகிறேன்.