'ரெடினஸ்': தயார்நிலையா, ஆயத்தமா, அணியமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

கல்லூரிப் பாதுகாப்பியல் வகுப்புக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதிவருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பன்னாட்டுக் கூட்டுப் பயிற்சிகள் பற்றிய பாடம். மலபார் கடற்படைப் பயிற்சியை 1992இல் இந்தியாவும் அமெரிக்காவும் தொடங்கியது, 2015இல் ஜப்பான் நிலையாகச் சேர்ந்தது, 2020இல் ஆஸ்திரேலியா வந்தது எல்லாம் எழுதியாயிற்று. நட்பு நாடு தயாராக இருப்பதைச் சொல்லும் 'பார்ட்னர் ரெடினஸ்', வெவ்வேறு நாட்டுப் படைகள் ஒன்றுசேர்ந்து இயங்க முடிவதைச் சொல்லும் 'இன்டர்ஆபரபிலிட்டி' இரண்டில் மட்டும் கை நிற்கிறது. 'நட்பு நாட்டுத் தயார்நிலை', 'இயைந்தியங்கு திறன்' என்று போடலாமா?

*

ஐயா, 'தயார்' அரபு வேர். உருது வழியே வந்தது. 'ஆயத்தம்' வடசொல். 'அணியம்' இருக்க ஏன் கடன்? அணி என்பது வரிசை, படைவகுப்பு, அணிதல் பூணுதல். கவசம் பூண்டு வரிசையில் நிற்பவன் அணியமாகிவிட்டான். படகின் முன்பகுதிக்கும் அணியம் என்றே பெயர். அலையை முதலில் ஏற்பது அதுதான். 'கூட்டணியம்' என்று எழுதுங்கள், இரண்டுக்கும் அதுவே போதும்.

*

அண்ணா, நான் கடற்கரையில் பிறந்தவள். எங்கள் ஊரில் அணியம் என்றால் வள்ளத்தின் முன்தலைதான். கடலுக்குக் கிளம்பத் தயாராவதை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. 'கூட்டணியம்' என்றால் மாணவர்களுக்குத் தேர்தல்தான் நினைவுக்கு வரும்.

தவிர, இரண்டுக்கும் ஒரே சொல் போதாது. நம் விமானப்படையின் ஐஎல்-78 டாங்கர் விமானம் வானில் நெளியும் குழாயை நீளவிட்டு, அதன் முனையிலுள்ள கூடை வழியே எரிபொருள் கொடுக்கும். அமெரிக்க விமானப்படையின் எஃப்-16 போர் விமானம், விறைப்பான தண்டுக்குழாயை முதுகுத் துளையில் வாங்கிக் குடிக்கும். இரண்டும் முழுத் தயார்நிலையில் பக்கத்தில் பறந்தாலும் ஒரு சொட்டு கைமாறாது. தயார்நிலை உண்டு, இயைந்தியங்கு திறன் இல்லை. பாடத்தில் இது விளங்கியாக வேண்டும்.

*

இரண்டுக்கும் ஒரே சொல் போதாது என்பதை ஏற்கிறேன். 'இயைந்து' எதற்கு, 'கூடி' போதுமே? "கூடி எதிர்நிற்கும் ஆற்ற லதுவே படை" என்கிறது குறள் 765. 'கூடியியங்கு திறன்' என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

'நட்பு நாட்டுத் தயார்நிலை'யில்தான் எனக்குக் குறை. அந்த நாடு தன் போருக்குத் தயாரா, நம்மோடு நிற்கத் தயாரா? 2024 ஆகஸ்டில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் சூலூருக்கு வந்து தரங் சக்தி கூட்டுப் பயிற்சியில் பறந்தது இரண்டாவதற்காக.

*

அனைவருக்கும் நன்றி. 'கூடியியங்கு திறன்' எடுத்துக்கொண்டேன். மற்றது 'கூட்டாளி நாட்டுத் தயார்நிலை'. எந்தப் பொருளில் என்று வரையறையில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பெரும்பாலோர் தயார்நிலைக்கே இசைந்ததால் அப்படியே அனுப்பிவிட்டேன்.

*

'தயார்' அச்சேறுவதில் எனக்கு உடன்பாடில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். அடுத்த பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது 'அணியம்' வரட்டும்.

கடற்கரையூர் அம்மாவுக்கு: வள்ளத்தின் பின்தலைக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? தனி இழையில் எழுதுங்கள்.