கிரிஸ்பர் நெல்: காஸ்9 கழிந்த செடி கிடைக்க எத்தனை டி1 வளர்க்க வேண்டும்?

விதைநெல்:
வணக்கம். கிரிஸ்பர் (மரபணுவைத் திருத்தும் நுட்பம்) கொண்டு திருத்திய என் நெல்லின் டி0 செடியில் (திருத்தம் செய்து முதலில் வளர்த்த தலைமுறை) இலக்கு மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மட்டுமே திருந்தியிருக்கிறது. அதன் விதையில் வந்த அடுத்த தலைமுறையான டி1-இல் 20 செடிகளைச் சோதித்தும், இரு பிரதியும் திருந்தி காஸ்9 (டிஎன்ஏவை வெட்டும் நொதி) மரபணு இல்லாத செடி ஒன்றுகூட இல்லை. எங்கே தவறு? இன்னொரு சந்தேகம்: இந்தத் தொழில்நுட்பம் வளர வளர, பின்கலப்புக்கு (கலப்பில் வந்த செடியை மூல ரகத்தோடு மீண்டும் மீண்டும் கலப்பது) இனி வேலை இருக்காதா?

நாற்றங்கால்:
தவறு ஏதும் இல்லை, செடிகள் போதவில்லை. இரு பிரதியும் திருந்த வாய்ப்பு 1/4, டி-டிஎன்ஏ (காஸ்9 மரபணுவைச் சுமந்து செடிக்குள் புகுந்த துண்டு) கழிய 1/4; இரண்டும் வெவ்வேறு குரோமோசோமில் இருந்தால் 1/16. 20 செடிகளில் ஒன்றுகூட வராமல் போக 27% வாய்ப்பு உண்டு. 95% உறுதி வேண்டுமென்றால் 47 செடிகள். டி-டிஎன்ஏ இரண்டு இடங்களில் புகுந்திருந்தால் 1/64, அதாவது 191 செடிகள்! அதனால் டி0-விலேயே சதர்ன் பிளாட் (பிரதிகளை எண்ண உதவும் டிஎன்ஏ சோதனை) செய்து, டி-டிஎன்ஏ ஒற்றைப் பிரதியாக உள்ள செடியை மட்டும் முன்னெடுங்கள்.

அந்த 20-ஐயும் தூக்கி எறிய வேண்டாம். காஸ்9 கழிந்து, ஒரு பிரதி மட்டும் திருந்திய செடி எட்டில் ஒன்று வரும். அதன் விதையை டி2-க்கு (அதற்கடுத்த தலைமுறை) விதைத்தால் நான்கில் ஒன்று நீங்கள் தேடும் செடி.

வரப்பு:
பிசிஆர் சோதனையில் (குறிப்பிட்ட டிஎன்ஏ பகுதியைப் பெருக்கிப் பார்ப்பது) காஸ்9 பட்டை வரவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். டிஎன்ஏ கெட்டிருந்தாலும் பட்டை வராது. நெல்லின் சொந்த மரபணு ஒன்றுக்கும் பிசிஆர் ஓட்டிப் பாருங்கள். டி-டிஎன்ஏ துண்டாகி ஒரு பகுதி மட்டும் தங்கிவிடுவதும் உண்டு. டி-டிஎன்ஏவில் உள்ள ஹைக்ரோமைசின் எதிர்ப்பு மரபணு (மரபணு புகுந்த செடியைத் தேர்ந்தெடுக்க உதவுவது), வழிகாட்டி ஆர்என்ஏ பகுதி (காஸ்9-ஐ இலக்குக்கு அழைத்துச் செல்வது), இரு எல்லைகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி பிரைமர் (பிசிஆரைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) தேவை. டி0 இலையில் கண்ட திருத்தம் கதிருக்குப் போயிருக்கும் என்றும் சொல்ல முடியாது, ஒரே செடியில் திசுவுக்குத் திசு மாறும். டி1-இல் மறுபடி வரிசை படியுங்கள்.

கதிர்:
பின்கலப்பு பற்றி: கிரிஸ்பருக்குக் கைவந்தது, இருக்கும் மரபணுவை முடக்குவது. வெள்ளத்தில் மூழ்கிய பயிரைக் காக்கும் சப்1ஏ மரபணு ஜப்போனிக்கா நெல்லில் (நெல்லின் இரு பெரும் வகைகளில் ஒன்று, மற்றது இண்டிகா) அறவே இல்லை. முடக்கி என்ன பயன்? ஸ்வர்ணா-சப்1 ரகம் மார்க்கர் (மரபணுவை அடையாளம் காட்டும் டிஎன்ஏ குறி) துணையோடு செய்த பின்கலப்பில் வந்ததுதான். மூன்று சுற்று முடிந்தாலும் சராசரியாக 6.25% கொடையாளியின் (மரபணுவைத் தந்த ரகம்) மரபு மிஞ்சும், அதிலும் மரபணுவை ஒட்டிய பகுதி எளிதில் விடாது. இருபுறமும் நெருக்கமான மார்க்கர் வைத்துக் கழிக்க வேண்டும்.

திசு வளர்ப்புக்கு ஒத்துவராத இண்டிகா ரகங்கள் நிறைய. அவற்றுக்கு, வேறு ரகத்தில் செய்த திருத்தத்தைப் பின்கலப்பில்தான் கொண்டுவர முடியும்.

விதைநெல்:
நன்றி. டி0-வின் டி-டிஎன்ஏ பிரதி எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, எட்டில் ஒன்றைத் தேடுகிறேன்.