மறுமொழி: ‘சிறைப்பட்ட மூலக்கூற்று அடுக்கு’க்குப் பதிலாக ‘இடுக்குப் படலம்’

> இருபரிமாணப் பொருளுக்கும் அதைத் தாங்கும் தளத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் மூலக்கூறுகளைச் ‘சிறைப்பட்ட மூலக்கூற்று அடுக்கு’ எனலாமா?

ஐயா, வணக்கம்.

பொருள் சரிதான், ஆனால் நாக்கில் நிற்காது. ஒரே பாடத்தில் நாலு முறை வந்தால் மாணவர் ஆங்கிலச் சொல்லுக்கே ஓடிவிடுவார். ‘அடுக்கு’ வேறு குழப்புகிறது. கிராஃபீனே ஓரணுத் தடிமனில் கரி அணுக்களால் ஆன ஓரடுக்குத் தாள். அடுக்குக்குக் கீழ் அடுக்கு என்றால் எது கரி, எது நீர்?

‘இடுக்குப் படலம்’ என்பது என் பரிந்துரை. இங்கே கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைகளில் மெருகேற்றிய இரண்டு பலகைகள் ஈரத்தோடு படிந்துவிட்டால் லேசில் பிரியாது. “இடுக்கில் தண்ணீர் நிற்கிறது, நெம்பாதே, பக்கவாட்டில் நகர்த்து” என்பார் மேஸ்திரி. சொல் கையருகே கிடக்கிறது.

2010இல் காக்காய்ப்பொன்மேல் (மைக்கா) கிராஃபீனைப் போர்த்தி, நுண்முனையால் பரப்பைத் தடவி மேடுபள்ளம் அளக்கும் அணுவிசை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சாதாரண அறைச் சூழலில் அங்கே ஒட்டியிருந்த நீர், 0.37 நானோமீட்டர் உயரத்தில் தட்டைத் தீவுகளாகத் தெரிந்தது. பனிக்கட்டியின் ஒற்றை அடுக்குக்கு உரிய உயரம் அது. நீர் இல்லாத இடத்தில் காக்காய்ப்பொன் கிராஃபீனிலிருந்து எலக்ட்ரான்களை இழுத்துக்கொள்கிறது. நீர் உள்ள இடத்தில் அந்தப் பரிமாற்றம் தடைபடுகிறது. ஆக, ஒரே தாளில் திட்டுத்திட்டாக மின்பண்பு மாறுகிறது. மாறுவது தாள் மட்டுமா? மின்காப்பு மாறிலி (மின்புலத்தை ஒரு பொருள் எவ்வளவு தணிக்கும் என்ற அளவு) 80 அளவில் உள்ள நீர், ஒரு நானோமீட்டர் இடுக்கில் அடைபட்டால் 2 அளவுக்கு இறங்கிவிடுகிறது. 2018இல் அளந்து காட்டினார்கள்.

‘இடைச்செருகல்’ போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. அது நாம் வேண்டுமென்றே செருகுவது. கிராஃபைட்டில் எட்டுக் கரி அணுவுக்கு ஒரு பொட்டாசியம் நுழைவதைப் போன்றது. இடுக்குப் படலமோ பெரும்பாலும் அழையா விருந்தாளி: காற்றின் ஈரம், ஹைட்ரோகார்பன் அழுக்கு. தாள்களின் ஈர்ப்பு அந்த அழுக்கை அங்கங்கே ஒதுக்கிக் குமிழாக்கி, மற்ற இடத்தைச் சுத்தமாக்கிவிடுவதும் உண்டு. அதை ‘இடுக்குக் குமிழ்’ என்போம். ‘இடுக்குநீர்’ தானே வந்து சேரும். உங்கள் நீண்ட தொடரிலிருந்து இப்படிக் கிளைச்சொற்களைப் பிறப்பிக்க முடியுமா, பாருங்கள்.

‘இடுக்கி’ நினைவுக்கு வருகிறது என்று எழுதிய அம்மாவுக்கு: வரட்டுமே! இரு பக்கமும் பிடித்து அழுத்துவதுதானே இங்கும் நடக்கிறது?

ஆட்சேபம் இருந்தால் சொற்பட்டியலில் ஏற்றுமுன் எழுதுங்கள்.