மறுமொழி: குளிர்காலத்தில் இடம்பெயராத பறவைகளுக்கு என்ன சொல்?

வணக்கம் நண்பர்களே,

நம் பறவைக் கையேட்டுக்காக, குளிர்காலத்தில் இடம்பெயராத பறவைகளுக்குத் தமிழில் சொல் தேடும் இழையை முழுக்கப் படித்தேன். ‘வலசையிலி’, ‘நிலைவாழ் பறவை’, ‘குளிர்தாங்கி’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் பெயர்ச்சொற்கள். நமக்கு முதலில் வேண்டியது வினைச்சொல் என்பது என் கருத்து.

வேடந்தாங்கலைப் பார்த்து வளர்ந்தவருக்குக் குளிர்காலப் பறவை என்றாலே வெளியூர் விருந்தாளிதான். வடக்கேயிருந்து ஊசிவால் வாத்து வரும், கிளுவை வரும், கோடைக்கு முன் திரும்பிவிடும். நாம் கையேடு எழுதும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நிலைமை தலைகீழ். செப்டம்பர், அக்டோபரில் பூச்சி தின்னும் பறவைகள் பெரும்பாலும் தெற்கே போய்விடுகின்றன. ஜனவரியில் டொராண்டோவின் ஒரு பூங்காவில் குருவிச் சத்தம் கேட்டால், அது அநேகமாகப் போகாமல் நின்றுவிட்ட பறவை.

அந்த ‘அநேகமாக’வில்தான் சிக்கலே. அதே பூங்காவில் தரையைக் கிளறிக்கொண்டிருக்கும் ஜுங்கோ என்னும் சிறு குருவிகளில் பெரும்பாலானவை வடக்குக் காடுகளிலிருந்து வந்தவை. அவற்றுக்கு டொராண்டோவே தெற்கு! அமெரிக்க ராபினில் பெரும்பகுதி போய்விடும். சில, பழம் கிடைக்கும் இடமாகப் பார்த்து இங்கேயே இருந்துவிடும். நீல ஜேயில் ஒரு வருடம் தெற்கே போன அதே பறவை மறுவருடம் போகாமலிருப்பதும் உண்டு. இனம் முழுவதற்கும் ‘வலசையிலி’ என்று பெயர் வைத்துவிட்டால் இவற்றை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? போவதும் நிற்பதும் அந்தப் பறவை அந்த ஆண்டு செய்கிற காரியம். ‘நிலைவாழ் பறவை’க்கும் இதே தடைதான்.

‘குளிர்தாங்கி’ எனக்குப் பிடித்த வார்ப்பு. இடிதாங்கி, சுமைதாங்கி என்று நமக்குப் பழகிய அச்சு. ஆனால் ஜுங்கோவும்தான் குளிர் தாங்குகிறது. தாங்குவது உடலின் திறன். நாம் தேடுவது இடத்தைப் பற்றிய சொல்.

> ‘குளிர்தங்கல்’ அல்லது ‘குளிர்கடத்தல்’ என்று வைக்கலாமே?

முதலாவதில் குளிரே தங்குவதாகப் பொருள் வந்துவிடும். இரண்டாவதைப் பள்ளிப் பிள்ளைகள் வெப்பக் கடத்தலோடு சேர்த்துப் படிப்பார்கள். இரண்டும் வேண்டாம்.

என் பரிந்துரை: குளிர்கழித்தல். பொழுது கழித்தல், காலம் கழித்தல் என்று நாள்தோறும் சொல்வதுதான். பெயராக வேண்டுமானால் குளிர்கழிப்பு. இடவேறுபாட்டை முன்னே ஒரு வினையெச்சம் காட்டிவிடும்: இங்கேயே தங்கும் சிக்கடீ என்ற சிறு குருவி நின்று குளிர்கழிக்கிறது, ஜுங்கோ வந்து குளிர்கழிக்கிறது. ராபினில் சில நிற்கும், பல போகும் என்று அப்படியே எழுதிவிடலாம். ‘நின்று’ என்பதை இங்குள்ள ஈழத்தமிழ் வாசகர்களுக்கு விளக்கவே வேண்டாம். ‘வீட்டில நிக்கிறன்’ என்பது அவர்களுடைய அன்றாடப் பேச்சு. கழித்தலுக்குக் கணக்கில் வேறு பொருள் உண்டே என்று கேட்பீர்கள். ‘விடுமுறையைக் கழித்தோம்’ என்றால் யாரும் கணக்குப் பாடத்தை நினைப்பதில்லை.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் கருந்தலைச் சிக்கடீதான் காரணம். நம்மூர்ப் பட்டாணிக் குருவியின் குடும்பம். எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான். பகலில் அதன் உடல் வெப்பம் ஏறக்குறைய 42 டிகிரி செல்சியஸ். கடுங்குளிர் இரவில் மரப்பொந்துக்குள் தனியாக ஒடுங்கி, இறகைப் பஞ்சுப் பொதிபோல உப்பவைத்துக்கொள்கிறது. உடல் வெப்பத்தைப் பகல் அளவிலிருந்து சுமார் 10 டிகிரி தானே குறைத்துவிடுகிறது. மார்புத் தசைகளை நடுங்கவைத்து, அதற்குக் கீழே போகாமல் பிடித்துக்கொள்கிறது. பகலில் தின்று சேர்த்த கொழுப்பு அந்த ஒரு ராத்திரிக்குத்தான் வரும். விடிந்ததும் மறுபடி தீனி தேடியாக வேண்டும். ‘இடம்பெயராதது’ என்ற சொல்லில் இந்த உழைப்புக்கு இடமே இல்லை.

இந்த இரவுச் செயலுக்கும் ஒரு சொல் வேண்டும். கையேட்டின் வரைவில் இருக்கும் ‘தாழ்வெப்பநிலை’ மருத்துவமனைச் சொல். குளிரில் மாட்டிக்கொண்ட மனிதருக்கு நேரும் ஆபத்து அது. ‘வெப்பத் தணிவு’ என்றாலும் வெப்பம் தானாகத் தணிந்ததுபோல் இருக்கிறது. பறவையே தணிக்கிறது, ஆகவே வெப்பத் தணிப்பு. ‘வு’ ‘ப்பு’ ஆவதுதான் வித்தியாசம், ஆனால் தன்வினையும் பிறவினையும் அதில்தான் பிரிகின்றன.

அப்புறம், பறவை இரையை ஒளித்துவைப்பதற்கு வரைவிலுள்ள ‘பதுக்கல்’. கள்ளச்சந்தை வாடை அடிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது உறுத்தவில்லை. கனடா ஜே என்னும் காக்கைக் குடும்பப் பறவை கோடையிலும் இலையுதிர் காலத்திலும் இரையைப் பிசுபிசுப்பான எச்சிலால் உருட்டி, மரப்பட்டை இடுக்குகளில் ஒட்டிவைக்கிறது. ஒவ்வொன்றையும் வெவ்வேறு இடத்தில் ஒளிக்கிறது. இதைச் ‘சேமிப்பு’ என்றால் ஒளிப்பது விட்டுப்போகிறது. சிதறிப் பதுக்கல் என்றே வைக்கலாம். அந்த இருப்பை நம்பித்தான் அது பிப்ரவரி, மார்ச்சில் பனி கிடக்கும்போதே கூடு கட்டுகிறது. ஒன்டாரியோவின் ஆல்கன்குவின் பூங்காவில் 1960-களிலிருந்து கவனிக்கப்பட்டுவரும் இந்தப் பறவைகளின் தொகை பாதிக்கும் கீழே போய்விட்டது. இலையுதிர் காலம் வெதுவெதுப்பாகிப் பதுக்கிய இரை கெட்டுவிடுவதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கையேட்டில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய நூல்களில் ‘சாம்பல் ஜே’ என்றிருப்பதும் இதுவே; 2018-இல்தான் கனடா ஜே என்ற பெயர் மறுபடி அதிகாரபூர்வமானது. சொல்லடைவில் இரண்டையும் கொடுத்துவிடலாம்.

பூச்சியியல் நண்பர்கள் ஒன்றைச் சோதித்துச் சொல்லுங்கள். மொனார்க் பட்டாம்பூச்சி மெக்சிகோ போய்க் குளிர்கழிக்கிறது, சரி. இங்கேயே இலைச்சருகுக்கடியில் உறைந்து கிடந்து வசந்தத்தில் எழும் மரத்தவளைக்கும் ‘நின்று குளிர்கழித்தல்’ பொருந்துமா, அல்லது ‘கிடந்து’ என்று மாற்றவேண்டுமா? எனக்குக் ‘கிடந்து’ சரியாகப் படுகிறது. உங்கள் பதிலைப் பார்த்துச் சொல்லடைவில் ஏற்றுகிறேன்.