ஞாயிற்றுக்கிழமை ரப்பர் வெட்டலாமா? வேதமும் வெட்டுக் கணக்கும்

மலையோரத்தான்:
கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, கடையல் பக்கத்துச் சபைகளில் மழைக்காலம் தொடங்கினால் இந்தப் பேச்சும் தொடங்கிவிடும். கேரள எல்லை தாண்டி வெள்ளறடை, பாறசாலை பக்கமும் இதே கதைதான். ஞாயிறு காலை ஆராதனை நேரமும், பட்டையில் கோடு போட்டு வெட்டின ரப்பர் மரத்திலிருந்து பால் எடுக்கிற நேரமும் ஒன்றாய் விழுகிறது. ஞாயிறு வெட்டுகிற ஆளை சபைக் கமிட்டித் தேர்தலில் நிறுத்தக்கூடாது என்று ஒரு கட்சி. அது அவனவன் மனசாட்சி, சபைக்கு அதில் வேலையில்லை என்று இன்னொரு கட்சி. இங்கே வேதம் தெரிந்தவர்களும் உண்டு, தோட்டம் தெரிந்தவர்களும் உண்டு. வசனத்தோடும் கணக்கோடும் சொல்லுங்கள். "எங்க தாத்தா காலத்துல" மட்டும் வேண்டாம்.

உபதேசியார்:
யாத்திராகமம் 34:21 வாசித்துப் பாருங்கள். ஏழாம் நாள் ஓய்ந்திரு என்று சொன்னதோடு நிற்கவில்லை. விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திரு என்று சேர்த்துச் சொல்கிறது. விவசாயி என்ன சாக்கு சொல்வான் என்று தெரிந்தே அந்த வாசலை அடைத்திருக்கிறார் கர்த்தர். நெகேமியா 13-ல் பிடிபட்டவர்கள் யார்? ஆலையில் திராட்சை மிதித்தவர்கள், கழுதைமேல் தானியம் ஏற்றினவர்கள், மீன் விற்க வந்த தீரு பட்டணத்தார். எல்லாம் வயிற்றுப்பாட்டுத் தொழில்தான். அவர் எருசலேமின் வாசல்களைப் பூட்டினார். கமிட்டியில் இருப்பவன் சபைக்கு மாதிரி. அவன் ஏழு மணிக்கு மரத்தடியில் நின்றுவிட்டு ஒன்பது மணிக்கு காணிக்கைத் தட்டு ஏந்தினால் பிள்ளைகள் எதைப் படிக்கும்?

ஒட்டுப்பால்:
உபதேசியார் ஐயா, நெகேமியா பூட்டினது சனிக்கிழமை வாசலை. அதை அப்படியே தூக்கி ஞாயிற்றில் வைக்க புதிய ஏற்பாட்டில் ஒரு வசனம் காட்டுங்கள். கொலோசெயர் 2:16, 17 ஓய்வுநாளை வருங்காரியங்களின் நிழல் என்கிறது; அதைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தக் கூடாது என்கிறது. ரோமர் 14:5-ல் ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், மற்றவன் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறான். அவனவன் தன் மனதில் நிச்சயமாய் இருக்கட்டும் என்று பவுல் விட்டுவிட்டார். நீங்கள் கமிட்டியைக் கூட்டுகிறீர்கள்.

சரித்திரத்தையும் பாருங்கள். ஏறக்குறைய கி.பி. 112-ல் பித்தினியாவின் ஆளுநர் பிளினி ரோம ராயனுக்கு (பேரரசனுக்கு) எழுதின கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிப் பாடிவிட்டுக் கலைந்து போனார்கள் என்கிறார். ஏன் விடியுமுன்? அடிமைகளுக்கும் கூலிகளுக்கும் அது வேலைநாள். ரோம ராயன் கான்ஸ்டன்டைன் 321-ல் ஞாயிறு விடுமுறைச் சட்டம் போட்டபோதுகூட நகரத்து நீதிபதிகளுக்கும் தொழில் செய்கிறவர்களுக்கும்தான் ஓய்வு. விவசாயிக்கு விலக்கு உண்டு. விதைக்கவும் திராட்சை நடவும் ஏற்ற நாள் தவறிப்போகக் கூடாதென்று அதிலேயே காரணமும் எழுதியிருக்கிறது. சட்டம் போட்ட ராயனுக்கே மண்ணின் நிலைமை புரிந்தது.

வெட்டுக்கத்தி:
வேத விவாதத்தை நீங்கள் நடத்துங்கள். தோட்டக் கணக்கை நான் சொல்கிறேன், ஏனென்றால் "ஞாயிறு விட்டால் நஷ்டம்" என்பதைச் சரிபார்க்காமலே எல்லோரும் ஒத்துக்கொள்கிறீர்கள்.

ரப்பர் வாரியத்தின் வெட்டுமுறைக் குறியீட்டை யாராவது பார்த்திருக்கிறீர்களா? அரைச்சுற்று (மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு வெட்டு), ஒன்றுவிட்டு ஒருநாள், அதன் பிறகு "ஏழில் ஆறு" என்று வரும். வாரத்தில் ஆறு நாள் வெட்டு, ஒரு நாள் ஓய்வு என்று அர்த்தம். சபை சொல்லி வந்ததல்ல, முறையிலேயே இருக்கிறது. தோட்டத்தை இரண்டு பிளாக்காகப் பிரித்தால் ஒன்றுக்கு திங்கள், புதன், வெள்ளி. மற்றதுக்கு செவ்வாய், வியாழன், சனி. ஞாயிறு தானாகவே காலி. ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 போல நிறைய சுரக்கிற ரகத்துக்கு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் நல்லது. அப்போது மூன்று பிளாக்: திங்கள்-வியாழன், செவ்வாய்-வெள்ளி, புதன்-சனி. இதிலும் ஞாயிறு மிச்சம்.

இப்போது ஒன்றுவிட்டு ஒருநாளில் ஞாயிற்றையும் சேர்த்து ஓட்டுகிறவன் கணக்கு. ஞாயிறு விட்டால் ஒரு மரத்துக்கு வருஷம் 156 வெட்டு, விடாவிட்டால் 182. கூடுதல் 26 வெட்டு. ஒரு வெட்டுக்கு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போகும். வருஷத்துக்கு நாலு சென்டிமீட்டர், ஐந்து வருஷத்தில் இருபது. ஞாயிறு விட்டு வெட்டுகிறவன் ஒரு வருஷத்தில் தின்னும் பட்டையே 23 சென்டிமீட்டர்தான். ஏறக்குறைய ஒரு வருஷத்துப் பட்டையை முன்கூட்டியே தின்றுவிட்டான். அதோடு, ஒரு நாள் கூடுதலாய் ஓய்ந்த மரம் அடுத்த வெட்டில் கொஞ்சம் அதிகம் தரும், அதனால் 26 வெட்டின் பால் முழுசாய் லாபத்தில் நிற்காது. அளவுக்கு மிஞ்சினால் பட்டை மரத்துப்போகும். கோடு போட்டால் பால் வராமல் காய்ந்து நிற்கும். 105 அதற்குப் பேர்போனது.

ஒட்டுப்பால்:
அட்டவணை அழகாய் இருக்கிறது அண்ணே, அதில் மழையைக் காணோம். நம்ம மலையோரத்தில் ஜூனிலும் மழை, அக்டோபர்-நவம்பரிலும் மழை. திங்களிலிருந்து சனி வரை காலையில் கொட்டி, ஞாயிறு விடியல் தெளிந்தால் என்ன செய்வது? வாரம் முழுக்க ஒரு சிரட்டை பால் இல்லாத வீட்டுக்கு நீங்கள் பட்டைக் கணக்கு சொல்வீர்களா? கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கலாம் என்று இயேசுவே சொன்னார் (லூக்கா 14:5).

உபதேசியார்:
மாடு கிணற்றில் கிடந்தால் திங்கட்கிழமைக்குள் செத்துவிடும். பால் எங்கே போகும்? மரத்துக்குள்தான் இருக்கிறது. லூக்கா 14 அவசரத்துக்குச் சொன்னது. வெட்டாமல் விட்ட மரம் அவசரம் ஆகாது.

வெட்டுக்கத்தி:
இதில் உபதேசியார் சொல்வது சரி. மழையைச் சமாளிக்க வேண்டியது மே மாதத்தில். ரெயின் கார்டு, அதாவது வெட்டுக்கோட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றி ஒட்டும் பிளாஸ்டிக் பாவாடை, ஜூன் மழைக்கு முன்பே கட்ட வேண்டும். பட்டை நனைந்த பிறகு கட்டினால் பசை பிடிக்காது. இடுக்கு வழியாக தண்ணீர் இறங்கி சிரட்டையில் விழும், பால் வீணாகும். பிளாஸ்டிக்கை இழுத்து ஒட்டாமல் சுருக்கம் வைத்து ஒட்ட வேண்டும், மரம் பெருக்கும்போது கிழியாமல் இருக்க. விடியலில் மழை பெய்தால் அந்த நாளே போயிற்று என்றும் இல்லை. ஒன்பது மணிக்கு விட்டதென்றால் பட்டை உலர்ந்ததும் வெட்டலாம். வெயில் ஏற ஏற மரத்துக்குள் அழுத்தம் குறையும், பால் கொஞ்சம் குறைவாய் வரும், அவ்வளவுதான். ரெயின் கார்டும் கட்டாமல், பகல் வெட்டும் வெட்டாமல், ஞாயிறு வந்ததும் "கிணற்றில் மாடு" என்றால் எப்படி?

ஏழாம்நாள்:
எல்லோரும் தப்பான நாளுக்குச் சண்டை போடுகிறீர்கள். கட்டளையில் இருப்பது ஏழாம் நாள். சனிக்கிழமை வெட்டாதீர்கள், ஞாயிறு தாராளமாய் வெட்டுங்கள்.

உபதேசியார்:
தம்பி, அதற்குத் தனி விவாதத் திரி போடுங்கள். அப்போஸ்தலர் 20:7, 1 கொரிந்தியர் 16:2 இரண்டும் வாரத்தின் முதல் நாளைச் சொல்கிறது. இங்கே அதைத் தொடங்கினால் நாளை மறுநாள் வரை முடியாது.

கடலோரம்:
கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. 1983 திருச்சபைச் சட்டம் 1247 கேட்பது இரண்டு: திருப்பலியில் பங்கெடுப்பது, வழிபாட்டையும் ஓய்வையும் கெடுக்கிற வேலையைத் தவிர்ப்பது. 1248-ன்படி முந்தின நாள் மாலைத் திருப்பலியும் கணக்கில் சேரும். குடும்பத்தின் நிஜமான தேவை இருந்தால் விலக்கும் உண்டு. ஆனால் விலக்கே பழக்கமாகிவிடக் கூடாது என்றும் போதனை உண்டு. எங்கள் கடற்கரை ஊர்களில் ஞாயிறு கடலுக்கு இறங்காதது பழைய ஊர்க்கட்டுப்பாடு. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகு வாரக்கணக்கில் கடலில் நிற்கிறது; நடுக்கடலில் ஞாயிறு வந்தால் யாரும் திரும்பி வருவதில்லை. இரண்டும் ஒரே ஊரில் நடக்கிறது, யாரையும் யாரும் விலக்கி வைக்கவில்லை.

மலையோரத்தான்:
வெட்டுக்கத்தி அண்ணே, ஞாயிறு வெட்டவில்லை, சரி. சனிக்கிழமைப் பாலை என்ன செய்வது? சனி மதியம் டிரேயில் உறைய ஊற்றினால் ஞாயிறு காலை ரோலரில் போட்டு ஷீட் ஆக்க வேண்டுமே.

வெட்டுக்கத்தி:
இதுதான் வேலை தெரிந்தவன் கேள்வி. மூன்று வழி இருக்கிறது.

சனிக்கிழமையே ஷீட் அடித்துவிடலாம். பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து ரப்பர் அளவு பன்னிரண்டரை சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் நாலு லிட்டர் டிரேயில் அரைக்கிலோ ஷீட் கிடைக்கும். மறுநாள் அடிப்பதற்கு ஊற்றுவதைவிட ஃபார்மிக் ஆசிட்டை கொஞ்சம் கூட்டினால் சாயங்காலத்துக்குள் உறைந்துவிடும். ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து நீர்த்த பிறகே பாலில் ஊற்ற வேண்டும். நேரே ஊற்றினால் அங்கங்கே கட்டி விழும். அளவு மிஞ்சினால் உறைவு கெட்டிப்பட்டு ரோலரில் மெலியாது, காயவும் இழுக்கும்.

அதற்கு நேரமில்லை என்றால் சனிக்கிழமைப் பாலை அப்படியே பால் எடுக்கும் மையத்தில் கொடுத்துவிடலாம்.

இரண்டும் முடியாதென்றால் சிரட்டையிலேயே உறைய விட்டு திங்களன்று கட்டியாக எடுத்துக்கொள்ளலாம். விலை ஷீட்டைவிடக் குறையும், ஆனால் நஷ்டம் தெரிந்த நஷ்டம். செய்யக்கூடாதது, சனி ஊற்றி திங்கள் வரை டிரேயில் போட்டு வைப்பது. மேலே வழுவழுப்பு ஏறும், உள்ளே புளித்துக் குமிழி கட்டும், அந்த ஷீட் தரம் இறங்கித்தான் போகும்.

உபதேசியார்:
மன்னாவில் இதே ஒழுங்குதானே (யாத்திராகமம் 16). ஆறாம் நாள் இரட்டிப்பாய்ச் சேர்த்து, சமைப்பதைச் சமைத்து வை என்றார். ஓய்வுக்கு முந்தின நாளில்தான் கீழ்ப்படிதலே இருக்கிறது.

ஒட்டுப்பால்:
நல்லது ஐயா. அப்படியே யாத்திராகமம் 35:3-ம் வாசியுங்கள்: ஓய்வுநாளில் வாசஸ்தலங்களில் நெருப்பு மூட்டக் கூடாது. ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்க நாலைந்து நாள் ஆகும். 40 முதல் 60 டிகிரி சூடு விடாமல் நிற்க வேண்டும். ஞாயிறு நெருப்பை அணைத்தால் ஷீட்டில் பூஞ்சை. அணைக்காமல் விறகு தள்ளினால் கட்டளை மீறல். சனி ராத்திரி விறகைக் குவித்துவிட்டுப் போனால் சூடு ஏறி முழுப் புகைக்கூடும் எரியும். எதைச் செய்யச் சொல்கிறீர்கள்?

உபதேசியார்:
விறகு தள்ளலாம். லூக்கா 13:15-ல் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதை ஆண்டவர் குறை சொல்லவில்லை. தொடங்கின காரியம் கெடாமல் பார்ப்பது வேறு, புதிதாய் சம்பாதிக்கப் போவது வேறு.

ஒட்டுப்பால்:
அந்தக் கோட்டை நீங்கள் போடுகிறீர்கள். 35:3-ல் அந்தக் கோடு இல்லை. நீங்கள் கோடு போடலாம், வெட்டுகிறவன் போடக்கூடாதா?

குழித்துறை அக்கா:
இவ்வளவு நேரம் எல்லோரும் சொந்த மரத்தைச் சொந்தக் கையால் வெட்டுகிறவனைப் பற்றியே பேசுகிறீர்கள். மலையோரத்தில் பாதிப்பேர் கூலிக்கு ஆள் வைத்துத்தான் வெட்டுகிறார்கள். உபாகமம் 5:14-ஐ யாரும் எடுக்கவில்லையே? உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்று அங்கே இருக்கிறது. அடுத்த வசனம் காரணம் சொல்கிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய். யாத்திராகமத்தில் சிருஷ்டிப்பு காரணம், உபாகமத்தில் அடிமைத்தனம் காரணம். திருவிதாங்கூர் அரசாங்கத்தின் கட்டாய ஊழிய வேலைக்கு ஞாயிற்றுக்கிழமையும் இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று இந்த மண்ணின் கிறிஸ்தவர்கள் முறையிட்டார்கள், மிஷனரிமார் அவர்களுக்காகப் பேசினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று முதலாளி. தான் வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்து, கூலியாளை விடியற்காலையில் தலையில் லைட்டோடு தோட்டத்துக்கு அனுப்புகிறவரை எந்தக் கமிட்டி கேட்டது?

ஆகவே வேண்டியது இது. வெட்டுக்கத்தி சொன்ன ஆறு நாள் அட்டவணையைப் போடுங்கள். கூலியை சனிக்கிழமை சாயங்காலமே கொடுங்கள். லேவியராகமம் 19:13 கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்கிறது. மரக்கணக்கில் கூலி என்றால் ஞாயிறு விடுவதால் ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் வருமானம் குறையும். அதை ஆறு நாளில் பரப்பி, பழைய ஏழு நாள் கூலியை ஆறால் வகுத்துக் கொடுங்கள். அவன் பசியில் உங்கள் ஓய்வுநாள் வேண்டாம்.

இன்னொன்று. ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு விருந்தாளி, மீன் குழம்பு, இறைச்சி, பாயசம் என்று பெண்களை மூன்று மணி வரை அடுப்படியில் நிறுத்துகிற வீட்டுக்காரர்களும் இந்தத் திரியில் உண்டு என்று நினைக்கிறேன்.

கடலோரம்:
அக்கா, கடைசிப் பாராவுக்கு இங்கே பதில் வராது.

ஒட்டுப்பால்:
அக்கா சொன்னதில் கூலியாள் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். அவனுக்குத் தெரிந்தெடுக்கிற சுதந்திரம் இல்லை, ரோமர் 14-ஐ அவன்மேல் சுமத்த முடியாது. முதலாளி நிறுத்தினால்தான் அவனுக்கு ஓய்வு. ஆனால் பங்குக்கு வெட்டுகிறவன், ஐம்பது மரம் சொந்தமாய் வைத்திருக்கிறவன், கடன் தவணைக்கு ஓடுகிறவன் இருக்கிறான். அவன் நாலரைக்கு எழுந்து வெட்டி, எட்டரைக்குள் பால் எடுத்து, ஒன்பதுக்கு சபையில் உட்கார்ந்தால், சபை கூடிவருதலை விட்டுவிடாதே என்கிற எபிரெயர் 10:25-ஐ அவன் மீறவில்லை. அவனைக் கமிட்டிக்கு நிறுத்தக்கூடாது என்பதற்கு இதுவரை யாரும் வசனம் காட்டவில்லை.

உபதேசியார்:
எட்டரைக்குப் பால் எடுத்தால் கடைசியில் வெட்டின மரங்களின் பால் சிரட்டைக்கு வெளியே சொட்டும். பால் நிற்க மூன்று மணி நேரமாவது ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அவன் சபையில் உட்கார்ந்திருந்தாலும் மனசு தோட்டத்தில்தான். முன்னூறு மரம் வெட்டுகிறவனைக் கமிட்டிக்கு நிறுத்தக்கூடாது என்பதே இன்றும் என் கருத்து. ஐம்பது மரக்காரனைப் பற்றி எனக்கு வைராக்கியம் இல்லை. முதலில் ஆள் வைத்து வெட்டுகிறவர்களிடம் கமிட்டி பேசட்டும்.

வெட்டுக்கத்தி:
பேசப் போகிறவர்கள் பிப்ரவரியில் போங்கள். இலை உதிர்கிற காலம், வெட்டு நிற்கும், ஆளும் வீட்டில் இருப்பார். ஜூனில் போனால் காது கொடுக்க மாட்டார்.