இறுதியாண்டு ப்ராஜெக்ட்: தானா தண்ணி விடற கருவி. பம்ப் ஓடினா ரீடிங் ஏறுது, போர்டு ரீசெட் ஆகுது

தளிர்_12 (கேள்வி)

வணக்கம். பள்ளி இறுதியாண்டு ப்ராஜெக்டா மண் ஈரத்தைப் பார்த்துத் தானா தண்ணி விடற கருவி செய்யறேன். ஒப்படைக்க 9 வாரம் இருக்கு. அர்டுயினோ ஊனோ (புரோகிராம் ஏத்தற சின்ன கன்ட்ரோல் போர்டு), மண்ணுல செருகற கெப்பாசிட்டிவ் ஈர சென்சார் ஒண்ணு, ரிலே மாட்யூல் (ஊனோ சொல்றப்போ பம்பை ஆன், ஆஃப் பண்ற சுவிட்ச்), தண்ணிக்குள்ள மூழ்கற சின்ன 5 வோல்ட் பம்ப். பம்ப், ரிலே ரெண்டுக்கும் கரண்ட் ஊனோவோட 5 வோல்ட் பின்னிலிருந்துதான். ஊனோ லேப்டாப் யூஎஸ்பியில ஓடுது.

1. பம்ப் ஆன் ஆகும்போது சில நேரம் போர்டு ரீசெட் ஆகுது.
2. ரீசெட் ஆகாதப்போ ரீடிங் 410-லிருந்து 440 பக்கம் ஏறுது. மண் நனைஞ்சா எண் குறையணும் இல்லையா?
3. ரிலே அணைஞ்ச பிறகும் குழாயில தண்ணி நிக்காம வருது.

இன்னொண்ணு: வழிகாட்டி ஆசிரியர் "உன் ஆய்வுக் கேள்வி என்ன?"ன்னு கேக்கறாங்க. ஒரு தொட்டியில அவரைச் செடி வெச்சு, கருவி வேலை செய்யுதுன்னு காட்டினா போதாதா?

ஓம்விதி

முதல் ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். மோட்டார் நின்ன நிலையிலிருந்து கிளம்பற கணத்துல, ஓடும்போது எடுக்கறதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ரிலேவுக்குள்ள சுவிட்சை இழுக்கற காயிலும் (கம்பிச்சுருள்) 70 மில்லிஆம்பியர் பக்கம் எடுக்கும். ஊனோவோட யூஎஸ்பி பக்கம் இருக்கற ஃப்யூஸ் 500 மில்லிஆம்பியருக்கானது. அந்தக் கணத்துல 5 வோல்ட் லைன் சரியுது. ரொம்பச் சரிஞ்சா சிப் ரீசெட் ஆகும், கொஞ்சம் சரிஞ்சா ரீடிங் பொய்யாகும்.

எப்படிப் பொய்யாகுதுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ஊனோ தன்னோட 5 வோல்ட் லைனையே அளவுகோலா வெச்சு 0–1023-ன்னு எண் தருது. கெப்பாசிட்டிவ் சென்சார்கள் நிறையத்துல தனியா 3.3 வோல்ட் ரெகுலேட்டர் இருக்கறதால, லைன் சரிஞ்சாலும் சென்சார் தர்ற வோல்டேஜ் மாறாது. அது 2.0 வோல்ட்னு வைங்க. லைன் 5.0 இருந்தா 2.0 ÷ 5.0 × 1023 = 409. லைன் 4.6-க்கு இறங்கினா 445. மண்ணுல ஒரு மாற்றமும் இல்ல, அளவுகோல் சுருங்கிருச்சு. இந்த சென்சார்ல எண் ஏறினா மண் காய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். அதனால பம்ப் ஓட ஓட "இன்னும் காய்ஞ்சுதான் இருக்கு"ன்னு எடுத்துக்கிட்டு கருவி மேல மேல ஊத்தும். செடி அழுகற இடம் இதுதான்.

பம்புக்குத் தனியா 5 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் கொடுங்க. ரிலே வழியா ஓட்டும்போது பம்போட கிரவுண்டை (மைனஸ் வயர்) ஊனோவோட கிரவுண்டோட சேர்க்க வேண்டாம். பின்னால ரிலேக்குப் பதிலா மாஸ்ஃபெட்டுக்கு (அசையற பாகமில்லாத எலக்ட்ரானிக் சுவிட்ச்) மாறினா கட்டாயம் சேர்க்கணும். அப்போ ஐஆர்எல்இசட்44என் மாதிரி லாஜிக் லெவல் வகை (5 வோல்ட்லயே நல்லா திறக்கறது) வாங்குங்க. ஐஆர்எஃப்520-ஓட கேட்டுக்கு (அதைத் திறக்கற முனை) 10 வோல்ட் வேணும், 5 வோல்ட்ல முழுசா திறக்கும்னு நம்ப முடியாது. பம்போட ரெண்டு முனைக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு போடுங்க, கோடு போட்ட பக்கம் பிளஸ்ல. பம்ப் அணையற கணத்துல மோட்டார் கிளப்பற வோல்டேஜ் உதையை அது அடக்கும். ரிலே மாட்யூல்ல ஏற்கெனவே இருக்கற டையோடு காயிலுக்கு மட்டும்தான், பம்போட உதையை அடக்காது.

புரோகிராம்ல: பம்ப் நின்னிருக்கும்போது மட்டும் ரீடிங் எடுங்க. 15 ரீடிங் எடுத்து வரிசைப்படுத்தி நடு எண்ணை வெச்சுக்குங்க. 3 விநாடி பம்ப், அப்புறம் 10 நிமிஷம் காத்திருப்பு. தண்ணி சென்சார் இருக்கற ஆழத்துக்கு இறங்க அந்த நேரம் வேணும். ஆன் ஆகற எல்லையும் ஆஃப் ஆகற எல்லையும் வேற வேறயா இருக்கணும். ஒரே எண்ணா வெச்சா ரிலே டக்டக்னு அடிச்சுக்கிட்டே கிடக்கும்.

மூணாவது மின்சாரப் பிரச்சினையே இல்ல, சைஃபன். குழாய் முனை, பம்ப் மூழ்கியிருக்கற பாத்திரத்தோட தண்ணி மட்டத்துக்குக் கீழே இருக்கு, பம்ப் நின்னாலும் தண்ணி தானா இழுத்துக்கும். முனையைத் தண்ணி மட்டத்துக்கு மேல தூக்கிக் கட்டுங்க. முடியலன்னா, குழாய் வளையற உச்சியில, தண்ணிக்கு மேல, ஊசியால சின்ன ஓட்டை போடுங்க. பம்ப் நின்னதும் காத்து புகுந்து ஓட்டம் அறுந்திடும். ஓடும்போது அதுல கொஞ்சம் சொட்டும், அது தண்ணிப் பாத்திரத்துக்குள்ளேயே விழற மாதிரி வைங்க.

சென்சாரோட வெட்டு விளிம்புகள்ல நகப்பூச்சு ரெண்டு கோட் அடிங்க. பூச்சு இல்லாத விளிம்பு வழியா ஈரம் ஊறி, சில வாரத்துல ரீடிங் நகர ஆரம்பிக்கும். மேல் பக்கம் சிப் இருக்கற பகுதி மண்ணுக்குள்ள போகவே கூடாது.

தராசு

ஆசிரியர் கேட்பது சரியான கேள்வி. "வேலை செய்கிறது" என்பதை எண்ணால் சொல்லும்படி மாற்றுங்கள். உதாரணமாக: "மண் ஈரத்தை 15 முதல் 25 சதவீதத்துக்குள் 14 நாள் வைத்திருக்க, நேரம் வைத்து ஊற்றும் முறையைவிட இந்தக் கருவிக்கு எவ்வளவு தண்ணீர் குறைவாகப் போதும்?" இதற்கு ஆம், இல்லை, இத்தனை மில்லிலிட்டர் என்று விடை சொல்ல முடியும். எல்லைகளை உங்கள் மண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தென்னைநார்த்தூள் கலந்த மண் எடைக்கணக்கில் இதைவிட மிக அதிகம் தண்ணீர் பிடிக்கும்.

இந்தச் சதவீதம் சென்சாரிலிருந்து நேராகக் கிடைக்காது, அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். மண்ணை 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி 500 கிராம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் 25 கிராம் தண்ணீர் சேர்த்தால் ஈரம் 5 சதவீதம் கூடும். 0 முதல் 30 சதவீதம் வரை 7 புள்ளிகள் வரும். ஒவ்வொரு முறையும் கட்டியில்லாமல் பிசைந்து, அதே பாத்திரத்தில் சம இறுக்கத்தோடு நிரப்பி, சென்சாரை அதே கோடு வரை செருகுங்கள். பலர் தவறவிடுவது இறுக்கத்தைத்தான். சென்சாரின் தகட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே காற்றிடம் இருந்தால், ஈரமான மண்ணும் உலர்ந்ததாகவே தெரியும்.

ஒரு தொட்டி போதாது. ஒரே தொட்டியில் 500 முறை அளந்தாலும் அது ஒரு மாதிரிதான். முறைக்கு 6 தொட்டி வீதம் 12 வையுங்கள். ஒரே அளவு மண், ஒரே நாள் விதைப்பு. எந்தத் தொட்டி எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் ஜன்னலோரத் தொட்டிகள் எல்லாம் ஒரே குழுவில் சேர்ந்துவிடும். கூடவே செடியில்லாத தொட்டி 2 வையுங்கள், மண்ணிலிருந்து மட்டும் எவ்வளவு ஆவியாகிறது என்று தெரியும்.

6 தொட்டிக்கு 6 பம்ப் வாங்க வேண்டியதில்லை. ஒரு தொட்டியில் கருவி முழுதாக ஓடட்டும். மற்ற 5-இல் தினமும் ஒரே நேரத்தில் சென்சாரைச் செருகி, அதே விதிப்படி அளவுக்குழாயால் கையால் ஊற்றுங்கள். அறிக்கையில் இதை மறைக்காமல் எழுதுங்கள். அந்த ஒரு தொட்டியை மற்ற 5-உடன் சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள்.

தளிர்_12

ரொம்ப நன்றி. மல்டிமீட்டர்ல பார்த்தேன், பம்ப் ஓடும்போது 5 வோல்ட் பின்ல 4.65 தான் இருக்கு. கணக்கு அப்படியே பொருந்துது. உலர்த்தற அடுப்பு பள்ளியில இல்ல, என்ன செய்யலாம்? 9 வாரத்துல இவ்வளவும் முடியுமா?

தராசு

மண்ணை அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி வெயிலில் காய வைத்து, தினமும் எடை போடுங்கள். தொடர்ந்து 2 நாள் எடை மாறாவிட்டால் போதும். அறிக்கையில் "காற்றில் உலர்த்தியது" என்றே எழுதுங்கள். மண்ணில் கொஞ்சம் ஈரம் மிஞ்சியிருக்கும் என்பதால் உங்கள் 0 உண்மையான 0 இல்லை.

முடியும், ஆனால் விதையை இன்றே போடுங்கள். செடி வளர்வதை அவசரப்படுத்த முடியாது. 1, 2 வாரம் மின்சுற்றும் அளவுத்திருத்தமும். 3-ஆம் வாரம் செடியில்லாத தொட்டியில் 72 மணி நேரம் ஆளில்லாமல் ஓட்டிப் பாருங்கள், தொட்டியை ஒரு வாளிக்குள் வைத்து. அது முடிந்ததும் வடிவமைப்பில் கை வைக்காதீர்கள். 4, 5 வாரம் 14 நாள் சோதனை. 6-ஆம் வாரத்தைக் காலியாக விடுங்கள், ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். மிச்சம் 3 வாரம் வரைபடம், அறிக்கை, பேச்சுப் பயிற்சி.

நீலமை

குறிப்பேட்டைப் பத்தி யாரும் சொல்லலையே. பக்க எண் போட்ட கட்டு நோட்டு வாங்குங்க, தனித்தாள் வேண்டாம். தேதியோட பேனாவுல எழுதி, தப்பானதை ஒரே கோட்டால அடிங்க, கீழே இருக்கற எண் படிக்கற மாதிரி இருக்கணும். 410-ம் 440-ம், மல்டிமீட்டர் காட்டின 4.65-ம் முதல் பக்கத்துலயே வரட்டும். கோளாறைக் கண்டுபிடிச்ச வழியைக் கேக்கற நடுவர்களுக்குக் காட்ட அந்தப் பக்கம் போதும்.

செயல்விளக்கத்தன்னைக்கு 10 நிமிஷக் காத்திருப்பை 10 விநாடியா மாத்தின தனி புரோகிராம் ஏத்தி வெச்சிருங்க. காய்ஞ்ச மண் ஒரு கப், ஈர மண் ஒரு கப் கொண்டு போங்க. சென்சாரைக் காய்ஞ்ச கப்புல செருகினா பம்ப் ஓடணும், ஈரக் கப்புக்கு மாத்தினா ஓடாம இருக்கணும். தண்ணி போர்டு மேல தெறிக்காம இருக்க, ஊனோவைத் தொட்டியைவிட உயரத்துல வைங்க.